கோல்கீப்பர் கையெழுத்துப் போடுமுன்

அத்தியாயம் 7

இப்போதெல்லாம் வேலை வாங்குகிறவர்கள் கூலிக்குப் பதிலாகக் கட்டைவிரல் படம் அனுப்புகிறார்கள். ஒருத்தனுக்காக நாள் கணக்கில் வெயிலில் நின்று, அவன் கூட்டாளி எங்கே போகிறான், யாரோடு பேசுகிறான் என்று பார்த்துச் சொன்னால், போனில் மஞ்சள் நிறத்தில் ஒரு விரல் வருகிறது. கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் கூடவே ஒரு கும்பிடும் அனுப்புவார்கள். அதை எந்தக் கடையில் நீட்டி சாமான் வாங்குவது என்று கேட்டால், பெரியவருக்கு நாகரிகம் தெரியவில்லை என்பார்கள். தெரியாதுதான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை, மீதி நாள் நான் போகவில்லை.

தெரிந்ததெல்லாம் சந்தேகம் ஒன்றுதான். வேலைக்காலம் முழுக்க ஒரு கட்டில் பீரோ கடைக்குத் தவணை வசூல் செய்தவன் நான். உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, 'அப்பா வீட்ல இல்ல' என்று பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்கிறவனை, வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்து விடுவேன். ஓய்வுக்குப் பிறகு அந்தத் திமிரில் துப்பறிவாளன் ஆனேன். அலுவலகம் என்று பார்த்தால், மருமகள் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். பலகையில் 'லேமினேஷன் செய்து தரப்படும்' என்று இருக்கும். அதற்குக் கீழே 'துப்பறிந்தும் தரப்படும்' என்று எழுதியது மருமகள்தான். அது விளம்பரமா கிண்டலா என்று நான் இன்னும் கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்பது?

அன்றைக்குக் காலையில் கடைக்கு வந்தவன் ஆறடிக்கு மேல் இருந்தான். குனிந்துதான் உள்ளே வந்தான். ஆனாலும் தலை இடித்தது.

"இவரு நம்ம ஊர் கால்பந்து கிளப்போட கோல்கீப்பர், மாமா" என்றாள் மருமகள். "ரசிகர்கள் 'சுவர்'னு கூப்பிடுவாங்க."

"நல்ல பேரு."

"இந்த வருஷம் 'ஜன்னல்'னு மாத்திட்டாங்க."

சுவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடையாள அட்டையை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பினான்.

"ஐயா, துப்பறிவீங்களா?"

"பலகைல போட்டிருக்கே."

"அது ஜோக்குன்னு நினைச்சேன்."

விஷயம் இதுதான். கிளப்பின் சொந்தக்காரர் ஐஸ் பாக்டரி முதலாளி. இந்த சீசன் தொடங்கியதிலிருந்து ஆட்டக்காரர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. வாடகை கொடுக்க முடியாமல் சுவர் வீட்டைக் காலி செய்துவிட்டு, கிளப்பின் உடை மாற்றும் அறையில் கோல் வலையை விரித்துப் படுத்துக்கொண்டிருந்தான். மனைவியும் கைக்குழந்தையும் அவள் அம்மா வீட்டில். 'குடிவைக்க ஒரு வீடு பார்த்துட்டு வாங்க மாப்பிள்ளை, அப்புறம் அனுப்பறேன்' என்று மாமனார் சொல்லிவிட்டார். மாமனாரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோல் வலையில் மகளைக் குடிவைக்க எந்த அப்பன் ஒத்துக்கொள்வான்?

"இப்ப புது முதலாளி ஒருத்தரு கிளப்பை வாங்கறாரு ஐயா. பழைய பாக்கியைக் கேக்க மாட்டோம்னு நாங்க எல்லாரும் எழுதிக் கொடுத்தாத்தான் வாங்குவாராம். கொடுத்தா ஒரு மாச சம்பளம் கையிலயே தருவாரு. இன்னிக்கே அந்தப் பேப்பர் போட்டி நடத்தற லீக் ஆபீசுக்குப் போகணும். அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

"ஒரு சீசன் பாக்கியை விட்டுட்டு ஒரு மாசமா?"

"ஒண்ணுமே இல்லாததுக்கு ஒரு மாசம் பெரிசுதானே ஐயா? நான் போட்டுடலாம்னுதான் இருக்கேன். நாளைக்கே வீடு பிடிச்சுக் குழந்தையைக் கூட்டிட்டு வந்துடுவேன். ஆனா அந்த ஆளு நிஜமாவே புது ஆளுதானான்னு மட்டும் பார்த்துச் சொல்லிடுங்க. ஐஸ்காரரு பண்ற ஏதாவது தில்லுமுல்லா இருந்தா, போட்டதுக்கப்புறம் பாக்கியும் போகும், சம்பளமும் வராது."

"என் பீஸ்?"

சுவர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மருமகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "ஜெராக்ஸ் ஃப்ரீ" என்றாள்.

கிளம்பும்போது அவன் இன்னொன்றும் சொன்னான். சம்பளம் வராத கோபத்தில் ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு சாமானைக் கிளப்பிலிருந்து வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். ஸ்ட்ரைக்கர் முதலாளியின் சுழல் நாற்காலியை, பின்வரிசைக்காரன் டேபிள் ஃபேனை, விங்கர் சுவர்க் கடிகாரத்தை. எல்லாவற்றையும் கையெழுத்துக்கு முன்னால் திருப்பிக் கொண்டுவந்தால்தான் பணம் என்று புது முதலாளி மேனேஜர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவன் போனதும் மருமகள் கேட்டாள். "கிளப்பையே விலைக்கு வாங்கற ஆளுக்குப் பழைய டேபிள் ஃபேன் எதுக்கு மாமா?"

நல்ல கேள்வி. அதற்கு நான் கண்டுபிடித்த பதிலை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அந்தச் சாமான்களில் ஏதோ ஒன்றுக்குள் புதையல் இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

*

அவளுடைய ஸ்கூட்டரில் விங்கர் வீட்டுக்குப் போனோம். விங்கர் பயிற்சிக்குப் போயிருந்தான். சம்பளம் வராவிட்டாலும் பயிற்சிக்குப் போகிறார்கள். இதுவும் இந்தக் காலத்துக் கோளாறுதான். அவன் மனைவி கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். வட்டமான, பிளாஸ்டிக், தடித்த எண்கள். பின்பக்கத்தைத் திறந்தேன். உள்ளே பேட்டரி இருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். பேட்டரி இருந்த இடம் இருந்தது.

"புதையல் கிடைச்சுதா மாமா?" என்றாள் மருமகள்.

"பல்லி முட்டை."

"யாருதுன்னு விசாரிக்கலாமா?"

பேட்டரியை மறுபடி மாட்டித் திருப்பிக் கொடுக்கும்போதுதான் முள்ளைப் பார்த்தேன். ஓட்டலில் புது முதலாளியைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தேன். அந்த நேரம் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. "ஓடு, ஓடு" என்று மருமகளை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தேன். விங்கர் மனைவி பின்னாலிருந்து என்னவோ கத்தினாள். எனக்குக் காது கொடுக்க நேரமில்லை. ஸ்கூட்டரில் ஏறும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அதையும் விட்டேன்.

ஓட்டல் வாசலில் காவலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தான். முக்கியமாக இறங்கப் பார்த்தான். என் ஒரு கால் வெறுங்காலாக இருந்தது.

"சொன்ன நேரத்துக்கு முன்னாடி உள்ள விட முடியாது. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. வெளிய நில்லுங்க."

வெளியே என்றால் வெயில். ஒற்றைக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றேன். மருமகளின் போன் அடித்தது. விங்கர் மனைவி. பேசி முடித்துவிட்டு மருமகள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

"சொல்லிட்டுச் சிரி."

"அது கிளப் கடிகாரமாம் மாமா. கால் மணி வேகம். ஐஸ் முதலாளிக்கு வீடு, பாக்டரி, குடோன், கிளப், எங்க கடிகாரம் மாட்டினாலும் கால் மணி முன்னாடிதான் வைப்பாராம். காலைல வேலைக்கு வர்றவங்களை லேட்டுன்னு சொல்லிச் சம்பளத்துல வெட்டலாமில்ல?"

"சாயங்காலம் சீக்கிரம் போயிடுவாங்களே?"

"சாயங்காலம் மட்டும் தன் போனை எடுத்து மணி பார்ப்பாராம்."

நான் எத்தனையோ கஞ்சர்களின் கதவைத் தட்டியவன். இருந்தாலும் ஒரு நிமிஷம் மனசுக்குள் அந்த ஆளுக்கு ஒரு சலாம் வைத்தேன்.

"வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததும் சரி பண்ண வேண்டியதுதானே?"

"அதையும் கேட்டேன். 'முள்ளைத் திருப்ப மறந்தே போச்சுக்கா, எங்க கண்ணே கால் மணி கழிச்சுத்தான் பார்க்குது'ன்னா. அவ அப்பாவும் ஐஸ் பாக்டரில வேலை பார்த்தவராம். சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படிப் பழகிடுச்சாம்."

என் செருப்பு பத்திரமாக இருப்பதாகவும் சொல்லியிருந்தாள்.

*

புது முதலாளி கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கூடத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. கோட்டு. கையில் தங்க நிறத்தில், சின்னத் தட்டு அளவுக்கு வாட்ச். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க ஐயா, உட்காருங்க ஐயா. டீ சொல்லட்டுமா ஐயா?"

இங்கேதான் என் மூளை படுத்தது. பெற்ற மகன்கூட என்னைப் பார்த்து எழுந்திருப்பது கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகத்தான். இந்த மனிதர் கோட்டோடு எழுந்து, வாய்க்கு வாய் ஐயா என்றார். என் வெறுங்காலைப் பார்த்துவிட்டும் பார்க்காத மாதிரி இருந்தார்.

"ஐஸ் முதலாளி உங்களுக்கு என்ன பழக்கம்?" என்று கேட்டேன். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன் என்பது மட்டும்தான் இந்த அத்தியாயத்தில் என் பெருமை.

"பழக்கமே இல்ல ஐயா. நேர்ல பார்த்ததுகூட இல்ல. எல்லாம் வக்கீல் மூலமாத்தான். இந்த ஊருக்கே இப்பத்தான் முதல் தடவையா வரேன். எனக்குக் கப்பல் சரக்கு வியாபாரம். கால்பந்துன்னா சின்ன வயசுலேருந்து உசிரு."

"பழைய ஃபேன் எதுக்கு சார் உங்களுக்கு?" என்றாள் மருமகள்.

"ஒழுங்கு, ம்மா. சாமான் போனா ஒழுங்கு போச்சு." இப்படிச் சொல்லிவிட்டு வாட்சைத் தூக்கிப் பார்த்து, "அடடா, நேரமாச்சே" என்று எழுந்தார். டீக்குப் பணமும் அவரே கொடுத்தார்.

வெளியே வந்ததும் மருமகள், "மாமா, அந்த வாட்ச் ஓடல" என்றாள்.

"என்னது?"

"நாம உட்காரும்போதும் பத்தே கால். எழுந்திருக்கும்போதும் பத்தே கால். உங்க பேரன் பிறந்தநாளுக்கு வாங்கின பொம்மை வாட்சே இதைவிடப் பரவாயில்ல. அதுல முள்ளாவது ஆடும்."

"பணக்காரங்களுக்கு வாட்ச் நகை மாதிரி. மணி பார்க்கறதுக்கு ஆள் வச்சிருப்பாங்க."

"டீ வாங்கிக் கொடுத்துட்டாரு. அதான் இப்படிப் பேசறீங்க."

"உனக்கு எப்பவும் சந்தேகம்" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். ஆயுசு முழுக்க ஒருத்தரையும் நம்பாதவன், ஒரு டீக்கும் நாலு ஐயாவுக்கும் விழுந்துவிட்டேன். சுவருக்குப் போன் பண்ணி, "ஆள் சுத்தம். தைரியமாக் கையெழுத்துப் போடு" என்று சொல்லியும் விட்டேன்.

"வீட்டுக்காரிக்கு இப்பவே சொல்லிடறேன் ஐயா" என்றான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதற்குப் பிறகு அவ்வளவு நிமிரவில்லை.

*

சாயங்காலம் கிளப் ஆபீசுக்குப் போனோம். விளையாட்டு மைதானத்தின் பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் நீளமாக ஓர் அறை. மேலே யாராவது நடந்தால் கீழே சுண்ணாம்பு உதிரும். நாங்கள் போகும்போது ஊர்வலம் நடந்துகொண்டிருந்தது. ஒருத்தன் ஃபேனோடு வந்தான். ஸ்ட்ரைக்கர் சுழல் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து வாசல் நிலையில் மோதினான்.

"குறி தப்பறதுக்குப் பேர் போனவரு" என்று மருமகள் என் காதில் சொன்னாள்.

சுவர் கோல் வலையை மடித்து ஒரு மூலையில் வைத்தான். அவனுடைய தலையணையும் அதற்குள்ளேயே இருந்தது.

மேனேஜர் ஒரு பிளாஸ்டிக் வாளியை ஏந்திக்கொண்டு வந்தார். "போனை எல்லாம் இதுல போடுங்க. கையெழுத்து முடியற வரைக்கும் யாரும் வெளிய பேசக் கூடாது. சார் உத்தரவு." அவர் பின்னாலேயே கறுப்புக் கண்ணாடி வந்தார். எல்லாரும் பார்க்கத் தன் போனையும் எடுத்து வாளியில் போட்டார். நேர்மையான மனுஷன் என்று நான் தலையை ஆட்டிக்கொண்டேன். என் தலைக்கு அன்றைக்கு அதுதான் வேலை.

மேஜைமேல் ஒரு தோல் பையைத் திறந்து வைத்தார். உள்ளே ஆளுக்கொரு கவர். அறையில் எல்லாருடைய கழுத்தும் ஒரே நேரத்தில் நீண்டது.

கடைசியாக விங்கர் மூச்சிரைக்க ஓடிவந்து, கடிகாரத்தைப் பழைய ஆணியில் மாட்டினான். வரிசை நின்றது. வரிசையில் முதலில் சுவர். மேனேஜர் பேப்பரைத் தள்ளினார். சுவர் பேனாவை எடுத்தான். அவன் கையில் பேனா தீக்குச்சி மாதிரி இருந்தது.

நான் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். பெரிய முள் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. சின்ன முள் ஐந்தில்.

"ஐயையோ!" என்று கத்தினேன். "அஞ்சு அடிச்சிருச்சே! லீக் ஆபீஸ் மூடியிருப்பான்! இனிமே போட்டு என்ன பிரயோஜனம்?"

கறுப்புக் கண்ணாடி கடிகாரத்தை ஏறிட்டுப் பார்த்தார். சிரித்தார்.

"இன்னும் நேரம் இருக்கு பெரியவரே. பதட்டப்படாதீங்க. ஆபீஸ் தெரு முனைலதானே?"

அறையே சிரித்தது. விங்கர் சிரித்தான். மேனேஜர் சிரித்தார். சீசன் முழுக்கச் சிரிக்காத ஸ்ட்ரைக்கர் சுழல் நாற்காலியில் சுற்றிச் சுற்றிச் சிரித்தான். சுவர் பேனாவை வைத்துவிட்டு, "ஐயா, அது கால் மணி வேகம். புதுசா வர்றவங்க எல்லாரும் இதுல ஏமாறுவாங்க" என்றான், அன்பாக.

காது வரைக்கும் சூடு ஏறியது. ஒரே நாளில், ஒரே கடிகாரத்தில், இரண்டு தடவை. துப்பறிந்து தருகிறவனாம். லேமினேஷனே செய்திருக்கலாம். ஸ்டூல் ஒன்று கிடந்தது, உட்கார்ந்தேன். புதுசா வர்றவங்க எல்லாரும் ஏமாறுவாங்க. நான் புதுசு, ஏமாந்தேன். இவர்கள் பழசு, சிரிக்கிறார்கள்.

அப்புறம்தான் உறைத்தது. எனக்கு எதுவுமே அப்புறம்தான் உறைக்கும்.

சிரித்தவர்களில் முதலில் சிரித்தது யார்?

மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் சிரிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா" என்றாள் மெதுவாக. "இப்பவும் பத்தே கால்தான்."

சுவர் மறுபடி பேனாவை எடுத்திருந்தான். "கீழ வைப்பா அதை" என்றேன்.

"ஐயா?"

"பேனாவைக் கீழ வை." எழுந்து மேஜைக்குப் போனேன். "சார், எனக்குப் படிப்பு கம்மி. அந்தக் கடிகாரத்துல மணி என்ன?"

"என்ன விளையாட்டு இது? இன்னும் நேரம் இருக்குன்னு சொன்னேனே."

"கடிகாரம் அஞ்சு தாண்டியாச்சுன்னு சொல்லுதே. நீங்க எதைப் பார்த்து நேரம் இருக்குன்னு சொன்னீங்க?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அப்புறம், "என் வாட்சைப் பார்த்தேன்" என்றார்.

"காலைலேருந்து பத்தே கால் காட்டுதே, அந்த வாட்ச்சா?" என்றாள் மருமகள். "கையை நீட்டுங்க சார், எல்லாரும் பார்க்கட்டும்."

கை கோட்டுப் பைக்குள் போனது. "போன்ல பார்த்தேன்மா."

"போன் வாளில இருக்கு."

"மேனேஜர் சொன்னாருய்யா, அது வேகமா ஓடும்னு!"

"எப்ப சொன்னாரு?" என்று இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டேன்.

"நேத்து போன்ல" என்றார் கறுப்புக் கண்ணாடி.

"இப்ப உள்ள வரும்போது" என்றார் மேனேஜர்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அதற்குப் பிறகு அறையில் சுண்ணாம்பு உதிரும் சத்தம் கேட்டது.

"இந்த ஊருக்கே முதல் தடவைன்னீங்க" என்றேன். "ஐஸ் முதலாளியைப் பார்த்ததே இல்லைன்னீங்க. ஆனா உங்க கண்ணு கால் மணி கழிச்சுப் பார்க்குது. அவர்கிட்ட காலங்காலமா இருந்தவங்களுக்குத்தான் அந்தக் கண்ணு வரும். இவங்க யாருக்கும் அது வித்தியாசமாத் தெரியல. ஏன்னா இவங்களுக்கும் அதே கண்ணு. நான் ஒரு முட்டாள் வெளியாளு. அதனால எனக்குத் தெரிஞ்சுது. நீங்க அவருக்கு யாரு?"

"எவனோ ஒரு கிழவன், ஒரு செருப்போட வந்துக்கிட்டு..." என்று கத்தினார். காலையில் நாலு ஐயா. இப்போது கிழவன். இரண்டாவதுதான் எனக்குப் பழக்கம், தெம்பாக இருந்தது.

அந்த நேரத்தில் வாளி அதிர்ந்தது.

எல்லாரும் வாளியைப் பார்த்தார்கள். போன்களுக்கு மேலே ஒன்று விளக்கெரிந்து குலுங்கிக்கொண்டிருந்தது. மருமகள் எட்டிப் பார்த்தாள். "அத்தான்" என்று வாசித்தாள். "அத்தான் கூப்பிடறாரு சார்." அவர் மேஜையைச் சுற்றி வருவதற்குள் எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்துவிட்டாள்.

"என்னடா?" என்றது ஐஸ் முதலாளியின் குரல். "எல்லாப் பயலும் கையெழுத்துப் போட்டாச்சா? என் ஃபேன் வந்துச்சா?"

ஃபேன் எதற்கு என்ற கேள்விக்கு அப்படித்தான் பதில் கிடைத்தது. புதையலும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த மனுஷனுக்கு ஃபேன் போன துக்கம். மச்சினனைப் புது முதலாளியாக வேஷம் கட்டி, ஒரு சீசன் பாக்கியை ஒரே கையெழுத்தில் அழிக்கப் பார்க்கிறவனுக்கும், பழைய ஃபேனை விட மனசு வரவில்லை.

இதற்குமேல் மச்சினன் நிற்கவில்லை. தோல் பையை வாரி எடுத்தான். ஜன்னலுக்கு வெளியே காரும் டிரைவரும் இருந்தார்கள். "பிடிடா!" என்று கத்திவிட்டுப் பையை ஜன்னலைப் பார்த்து வீசினான்.

சுவர் பாய்ந்தான். இடது பக்கம், உடம்பு முழுக்கத் தரைக்கு மேலே. விரல் நுனியில் பையைத் தட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு, மடித்து வைத்த தன் வலையின்மேல் போய் விழுந்தான்.

ஸ்ட்ரைக்கர் சுழல் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான்.

"இதைப் போன மேட்ச்ல பண்ணியிருக்கக் கூடாதா?" என்றான் ஸ்ட்ரைக்கர்.

*

மச்சினன் காரில் ஏறிப் போய்விட்டான். வாட்ச் கழன்று வாசலில் கிடந்தது. மருமகள் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள மெஷினே இல்ல மாமா" என்றாள்.

அந்தப் பேப்பரின் பின்பக்கத்திலேயே 'பழைய பாக்கியில் ஒரு மாதம் மட்டும் பெற்றோம்' என்று அவளே எழுதினாள். மேனேஜர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தனக்கும் ஒரு கவர் இருக்கிறதா என்று பைக்குள் பார்த்தார். இல்லை. பையைத் தலைகீழாகத் தட்டியும் பார்த்தார்.

போன் இன்னும் அணையவில்லை. ஐஸ் முதலாளியின் குரல் இப்போது பாகு மாதிரி ஆகியிருந்தது. "பசங்களா, நீங்க எல்லாம் என் பிள்ளைங்க. தப்பா நினைக்காதீங்கடா. லீக்ல புகார் கிகார்னு எதுவும் வேண்டாம். அடுத்த வாரம் மொத்தப் பாக்கியும் உங்க கையில. இது என் வாக்கு."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். எத்தனையோ சாத்திய கதவுகளுக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் ஆட்டக்காரர்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! விசில் அடித்தார்கள். ஒருத்தன் ஃபேனைப் பழைய இடத்தில் வைத்துத் தூசி துடைத்தான். ஸ்ட்ரைக்கர் நாற்காலியை மேஜைக்குப் பின்னால் ஒழுங்காக உருட்டி வைத்தான்.

"நம்பாதீங்கடா. நாளைக்கே லீக் ஆபீசுக்குப் போய்ப் புகார் எழுதிக் குடுங்க" என்றேன்.

"முதலாளி மாட்டிக்கிட்டாரு ஐயா. இனிமே தந்துதானே ஆகணும்?" என்றான் விங்கர். ஓர் இளைஞனின் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு மேலே என்ன பேசுவது?

சுவர் ஒரு கவரில் இருந்து நோட்டுகளை எடுத்து, வாடகைக்கு என்று தனியாக, பால் பவுடருக்கு என்று தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். ஒரு நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நல்ல நோட்டுதான். திருப்பிக் கொடுத்தேன்.

"வீட்டுக்காரி நாளைக்குக் காலைல வர்றா ஐயா. உங்க பீசு..." அவன் இரண்டு குவியலையும் பார்த்தான். எதிலிருந்து எடுப்பது என்று தெரியாமல் கை நின்றது.

"முதல்ல வாடகையைக் குடு."

"அடுத்த வாரம் பாக்கி வந்ததும் முதல் வேலையா உங்களுக்குத்தான் ஐயா. சத்தியமா."

அவன் மனசாரத்தான் சொன்னான். அதுதான் கஷ்டம்.

சுழல் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். அது என்னோடு ஒரு சுற்றுச் சுற்றியது. மருமகள் பிடித்துக்கொண்டாள். கடிகாரத்தை ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. அந்தக் கிளப்பில் சம்பளம் வாங்கும் முறை அதுதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தோம். எனக்கு இன்னும் ஒரு செருப்புதான். பின்னால் அந்த அறையில் யாரோ, "அடுத்த வாரம்!" என்று கத்த, எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள், கோல் போட்ட மாதிரி.

"நம்பலையா மாமா?"

"நீ நம்பறியா?"

"நான் ஜெராக்சுக்கே முன்பணம் வாங்கறவ." ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றினாள். "அந்தக் கடிகாரத்தை வீட்ல மாட்டினா, நீங்க தப்பான இடத்துக்கெல்லாம் எல்லாருக்கும் முந்திப் போய் நிப்பீங்க."

"இப்ப மட்டும் என்ன?"

அவள் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினாள். சுவர் அனுப்பியிருந்தான். மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல். பக்கத்தில் ஒரு கும்பிடு.

நான் கடிகாரத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.